பட்டறை வீதிக்கு வந்த பனி ரோடு

ஆயுத பூசை நோம்பிக்கு மறுநாள் வெடியால, பால்காரர் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே, எங்க பட்டறை வீதிக்குப் பின்னால பனி பெய்யிற ரோடு ஒண்ணு வந்து சேந்துடுச்சுங்க. நாமக்கல்லுல பனியான்னு சிரிக்கறவங்க நல்லாச் சிரிச்சுக்கங்க, நான் காத்திருக்கறேன். சிரிச்சாச்சா? முட்டைக் குடோன் சந்து முடியற எடத்துல, நேத்து வரைக்கும் கருவேல முள்ளு மண்டிக் கெடந்த எடத்துல, நடுவுல வெள்ளைக் கோடு போட்டு, ரெண்டு பக்கமும் கூம்பு கூம்பா மரம் வச்சு, கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளை வெளேர்னு போச்சு அந்த ரோடு. அதுல இருந்து ஒரு நீல லாரி, நெத்தி நெறையச் சந்தனமும் குங்குமமுமா, பம்பர்ல மாலையுமா, ஓட்டறதுக்கு ஆளே இல்லாம உருண்டு வந்து நவநீதன் வீட்டு வாசல்ல நின்னுச்சு. வாசல் தெளிச்சுட்டு இருந்த அவங்கம்மா பாவாயக்கா நிமிந்து பாத்துட்டு, சித்தத் தள்ளி நின்னா கோலம் போட்டுக்குவேன்னு லாரிகிட்டச் சொன்னாங்க. லாரியும் பின்னால போய் நின்னுச்சு.

என்ற பேரு தனபாக்கியம். அவங்களுக்கு எதுத்த வீடு. லாரிக்கு சீட் கவர் தைக்கிறது தொழிலு, பேச்சு நிக்காது, வாய் எச்சுன்னு வீதியில பேரு, ரெண்டும் உண்மைதான். நவநீதன் பாடி கட்டற பட்டறையில லாரிக்கு லைட் வயரிங் பண்றவன். முப்பத்திநாலு வயசு, இன்னும் கல்யாணம் ஆகல. பொண்ணு பாக்கப் போன எடத்துலயெல்லாம் பையனுக்கு என்ன பழக்கம் இருக்குதுன்னு கேட்டா, குடி இல்லீங்க, சீட்டாட்டம் இல்லீங்க, வீடியோ கேம் மட்டும் விளையாடுவானுங்கன்னு பாவாயக்கா உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடுவாங்க. குடிச்சாக்கூடப் பரவால்லைங்கற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு, காப்பியை ஆத்திக் குடிக்கறதுக்குள்ள அனுப்பி வச்சுருவாங்க அந்த வீட்டு ஆளுக.

ஒவ்வொரு தீவாளி போனஸையும் அவன் விளையாட்டாத்தான் வாங்கி வச்சிருந்தான். வாங்கி வச்சிருந்தான்னா வீட்டுல இல்ல, பீரோவுல இல்ல. கண்காணாத தேசத்துல ஒரு கம்பெனிகிட்ட அவன் பேர்ல ஒரு கணக்கு, அந்தக் கணக்குக்குள்ள அத்தனையும் கெடந்துச்சு. பந்து வெளையாட்டு, செத்தவங்க எந்திரிச்சு வர்ற வெளையாட்டு, டிராகன் வெளையாட்டு, வெவசாயம் பண்ற வெளையாட்டு, எல்லாத்துக்கும் மேல லாரி ஓட்டற வெளையாட்டு. பகலெல்லாம் லாரியோட மல்லுக்கட்டிட்டு வந்து, பொழுதோட டிவிக்கு முன்னால உக்காந்து மறுபடியும் லாரி ஓட்டறவனை என்னன்னு சொல்றது. நான் சொல்ற வரைக்கும் சொன்னேன். அவன் சிரிச்சுட்டே கியர் மாத்துவான்.

அந்த லாரி வெளையாட்டுக்குள்ளதான் கரிச்சான் இருந்துச்சு. கரிச்சான்னா கரண்ட் கம்பியில உக்காந்து வாலை ஆட்டுமே, அந்தக் குருவி பேரை வச்சுக்கிட்ட ஒரு பொண்ணு. செவப்பு லாரி. காதுல மாட்டற மைக்கு வழியா ஒரு நாள் இவனைப் பாத்து, ஏனுங்க நீல வண்டி, சித்த ஒதுங்குங்கன்னு தமிழ்ல கேட்டாளாம். பனி கொட்டற அத்துவானத்துல அந்த ஏனுங்கவைக் கேட்டதும் இவன் ரோட்டைப் பாக்க மறந்து லாரி பள்ளத்துல எறங்கிருச்சாம். அதுக்கப்பறம் ஞாயித்துக்கிழமை மத்தியானமானா ரெண்டு வண்டியும் முன்னும் பின்னுமாப் போவும். என்ன கொழம்பு, எந்த டயரு நல்ல டயரு, அவங்கம்மாளுக்கு எளப்பு எப்பிடி இருக்குது, இவங்கம்மாளுக்கு முழங்கால் வலி எப்பிடி இருக்குது, பேசாதது ஒண்ணும் இல்ல, பேரையும் ஊரையும் தவிர. பேரைச் சொன்னா ஊரு கேப்பாங்க, ஊரைச் சொன்னா யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க, பொறவு நாம பேசறது நின்னு சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சுருவாங்கன்னு அவ சொன்னாளாம். அந்த ரோடு முடியற துறைமுகம் வரைக்கும் ஒட்டுக்காப் போய்ச் சேருவோம், அங்க எறங்கி நின்னு பேரு சொல்லிக்கலாம்னு ரெண்டு பேரும் ஒப்பந்தம். வருசம் ஓடி, இன்னும் ஒரே ஒரு லோடுதான் பாக்கி, வர்ற ஞாயித்துக்கிழமை துறைமுகம். இதை என்கிட்ட மட்டும்தான் சொன்னான், அதனால வீதிக்கே தெரியும்.

அப்படி இருக்கையில ஆயுத பூசை வந்துச்சு. எங்க வீதியில அன்னைக்குப் பொட்டு வைக்காத இரும்பே இருக்காது. என்ற தையல் மிசினு, வையாபுரி அண்ணனோட வெல்டிங் பொட்டி, குளத்துப் பம்புசெட்டு, இஸ்திரிப் பொட்டி, எல்லாத்துக்கும் சந்தனம். வருசம் பூராவும் ஓடுன லாரிக்கு மட்டும் டிவிக்குள்ள இருக்குதுங்கற ஒரே காரணத்துக்காகப் பூசை இல்லையான்னு வையாபுரி அண்ணன் கேட்டாரு. கேட்டது நாயந்தான்னு வீதியே நவநீதன் வீட்டுக்குள்ள போச்சு. அவன் வெளையாட்டுல இருக்கற பெயின்ட் கடையில லாரி நெத்திக்கு மஞ்சளும் செவப்பும் பூசுனான், மாலை போட்டான். பாவாயக்கா நெசக் கற்பூரத்தைக் கொளுத்தி டிவிக்குச் சுத்துனாங்க. பூசணிக்காய் சுத்தி ஒடைக்காம திஷ்டி எப்பிடிப் போவும்? காய்கறி லோடுன்னு ஒண்ணு அதுல உண்டுங்க. அதுல பூசணிக்காயாப் பாத்து ஏத்திக்கிட்டுப் போய், நெறையக் கண்ணு படற எடமாப் பாத்து, துறைமுகத்துப் பாலத்துக்கு நடுவுல போட்டு ஒடைச்சான். நாங்க கொலவை போட்டோம்.

ஒரு காயோட நிறுத்தியிருக்கலாம். லோடு மொத்தமும் சாஞ்சுருச்சு. பின்னால வந்த ஜெர்மனிக்காரன் வழுக்கிக் கவுந்தான், அவன் மேல பிரேசில்காரன், அவன் மேல ஊரு பேரு தெரியாத ஒரு ஆயில் டேங்கரு, கடைசியில பாலமே தெரியாத அளவுக்கு லாரி. எங்களுக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல, ஒவ்வொரு நோம்பிக்கும் நம்ம ரோட்டுல பைக்குக்காரங்க வழுக்கி விழுந்து நம்மளத் திட்டறதுதான். ஆனா கம்பெனிக்காரனுக்கு அது புதுசு போல. டிவி கறுப்பாச்சு, மத்தவங்க வெளையாட்டைக் கெடுத்த காரணத்தால இந்தக் கணக்கு நெரந்தரமா மூடப்படுது, இதுல வாங்குன எதையும் இனி தொறக்க முடியாதுன்னு ரெண்டு வரி வந்துச்சு. நவநீதன் அதை எங்களுக்குத் தமிழ்ல சொன்னான். சொல்லிப்போட்டு, கையில இருந்ததைக் கீழ வச்சுட்டு, டிவியையே பாத்துட்டு உக்காந்திருந்தான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். காசு குடுத்து வாங்குன பண்டத்தை எப்படிடா திரும்ப எடுத்துக்குவாங்கன்னு கேட்டா, வாங்கலையாமா, பாத்துக்கறதுக்கு அனுமதிதான் வாங்குனதாமா. நான் ஒரு லாரிக்கு சீட் கவர் தைச்சுக் குடுத்துட்டு, அந்த டிரைவரு எங்கியோ தப்பா ஓட்டுனான்னு கேள்விப்பட்டு, நடுரோட்டுல அவனை எந்திரிக்கச் சொல்லி கவரை உருவிட்டு வர முடியுங்களா? நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு கேக்க மாட்டானா? இவங்களை மட்டும் கேக்கறதுக்கு நாதியில்ல. மன்னிப்புக் கேட்டு எழுதுடான்னு பாவாயக்கா சொன்னாங்க. எழுதுனான். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள அதே ரெண்டு வரி திரும்ப வந்துச்சு. வையாபுரி அண்ணன் எழுதுனாரு, நான் சொல்லச் சொல்ல என்ற மக எழுதுனா, எல்லாத்துக்கும் அதே ரெண்டு வரிதான்.

ஆனா அவன் வெசனப்பட்டது வெளையாட்டுக்காக இல்லீங்க. அத்தனை தீவாளி போனஸும் போச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லல. கரிச்சானுக்குச் சொல்லி அனுப்ப வழியில்ல, அதுதான். பேரு தெரியாது, ஊரு தெரியாது, போன் நம்பர் தெரியாது. வர்ற ஞாயித்துக்கிழமை துறைமுகத்துல அவ வந்து நிப்பா, இவன் இருக்க மாட்டான். பேரு சொல்ற நேரம் வந்ததும் ஓடிட்டான்னுதான் நெனைப்பா. வேற பேர்ல புதுக் கணக்குத் தொறந்து பாத்தான், எங்க வீதிக்கு வர்ற இன்டர்நெட் வயர்ல யாரு தொறந்தாலும் உள்ள விடல. பஸ்ஸ்டாண்டுப் பக்கம் இருக்கற கம்ப்யூட்டர் சென்டர்ல அந்த வெளையாட்டே இல்ல, பேரை மட்டும் தேடுனா ஊருப்பட்ட கரிச்சான் இருக்குது, எது நம்ம கரிச்சான்னு தெரியல. என்ற முன்னால உக்காந்து, இனி அந்தக் கொரலையே கேக்க மாட்டனுங்களா அக்கான்னு கேட்டான். தைச்சுட்டு இருந்த சீட் கவரை ஓரமா வச்சுட்டு, அவனுக்குக் காப்பி போட எந்திரிச்சேன்.

பனி ரோடும் லாரியும் வந்தது அதுக்கு மறுநாள் வெடியாலன்னு சொன்னனில்லைங்க. லாரியோட நிக்கல. கணக்கை மூடுனதும் உள்ள இருந்ததுகளை வெளிய தள்ளிட்டாங்களாட்டம் இருக்குது. போறதுக்கு வேற எடம் இல்லாம, காசு குடுத்தவன் வீட்டைத் தேடிக்கிட்டு ஒட்டுக்கா வந்துருச்சுக. பத்து மணிக்கெல்லாம் நீலச் சட்டை போட்ட பந்துக்காரங்க மொத்த டீமும் பேக்கரி வாசல்ல நின்னுச்சு. செத்தவங்க கூட்டம் கையை நீட்டிக்கிட்டு சந்துக்குள்ள வந்துச்சு. கடிப்பாங்களாக்கும்னு கொழந்தைகளை உள்ள இழுத்தோம். பாவாயக்கா நோம்பிக்குச் சுட்டு மீந்துபோன முறுக்கை ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க, அதைக் கடிச்சுக்கிட்டு கம்முனு நின்னாங்க. ராத்திரி இவங்கெல்லாம் எங்க படுப்பாங்கங்கறதுதான் வீதியில அன்னைக்குப் பேச்சு, எப்பிடி வந்தாங்கங்கறதை யாரும் கேக்கல. வந்தவங்களை எப்பிடி வந்தீங்கன்னு கேக்கறது மரியாதையா?

நாலஞ்சு நாள்லயே எல்லாம் பழகிப் போச்சுங்க. கோல் காக்கறவன் இருக்கானே, அவனை முட்டைக் குடோனுக்கு லோடு ஏத்தற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அட்டை நழுவுனா போதும், படுத்துக்கிட்டே பாஞ்சு ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாப் பிடிச்சு நெஞ்சோட அணைச்சுக்குவான். குடோன்காரரு அவனைச் சாமி படத்துக்குப் பக்கத்துல சேர் போட்டு உக்கார வச்சாரு. செத்தவங்க எந்நேரமும் கையை நீட்டிக்கிட்டுத்தான் நிப்பாங்கன்னதும், கொடிக்கயிறு கட்ட எடமில்லாத என்னைய மாதிரி ஆளுக அவங்க கையில சேலையைக் காயப் போட்டோம். வெயிலு தள்ளுனா அவங்களே வெயிலைப் பாத்து நகந்துக்குவாங்க. டிராகன் வாசல்ல படுத்துட்டு மூச்சு விட்டா சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வீதிக்கே சுடுதண்ணி. இஸ்திரி போடறவரு கரி வாங்கறதையே விட்டுட்டாரு. வெவசாய வெளையாட்டு மாநகராட்சி காலி மனையில எறங்கி, வெதை போட்டுட்டு வெத்தலை போட்டுத் துப்பறதுக்குள்ள தக்காளி பழுத்துச்சு; தக்காளி வெலை ஏறிப்போச்சுன்னு டவுனே பொலம்பிட்டு இருந்தப்ப நாங்க பக்கத்து வீதிக்கு ஓசியில தாட்டி விட்டோம்.

பனிதான் பெரிய சவுகரியம். தோசை மாவைத் தூக்குல ஊத்திப் பனிக்குள்ள பொதைச்சு வச்சா வாரமானாலும் புளிக்காது. யாரு தூக்கு எதுன்னு தெரியாம எனக்கும் முட்டைக் குடோன்காரரு சம்சாரத்துக்கும் நடந்த சண்டையைப் பாக்கறதுக்கு பரமத்தியில இருந்து ஷேர் ஆட்டோ போட்டு ஆளு வந்துச்சு. பனியைப் பாக்க வந்ததா அவங்க சொல்லிக்கறாங்க. கவுன்சிலர் வந்து, இதெல்லாம் யாரு சொத்து, யாரு பேருக்கு வரி போடறதுன்னு கேட்டாரு. வாங்குனது நவநீதன், ஆனா அவனுது இல்லைன்னு கம்பெனி சொல்லிருச்சு, கம்பெனிதுன்னா அவங்க வேண்டாம்னு தொரத்திட்டாங்க, அதனால நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கன்னு கேட்டோம். அவரு சித்த நேரம் டிராகனைப் பாத்துட்டு, மீட்டிங் இருக்குதுன்னு கெளம்பிட்டாரு. வீதி பூராவும் நோம்பி முடியாத மாதிரியே கெடந்துச்சு, நவநீதன் ஒருத்தனைத் தவிர.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு, அந்த நீல லாரியில ஏறி, நான் துறைமுகத்துக்குப் போறேன்னான். ரோடு இங்க வந்திருக்கையில துறைமுகமும் வந்திருக்கோணுமே, அவளும் அங்க இருந்தாலும் இருப்பாள்னு அவனுக்கு ஒரு நப்பாசை. தனியாத் தாட்டி விட மனசு வராம நானும் பாவாயக்காவும் கட்டுச்சோத்தைக் கட்டிக்கிட்டு ஏறுனோம். அந்த ரோட்டுல தூரம்கறதே வேற கணக்குங்க; மலையாம், கணவாயாம், ரெண்டு தேசமாம், சோத்து மூட்டையைப் பிரிக்கறதுக்குள்ள பாலத்தைத் தாண்டி துறைமுகம் வந்துருச்சு. கப்பல் நிக்குது, தூக்கற மிசினு நிக்குது, மனுசரு ஒருத்தரும் இல்ல. தொரத்தி விடப்பட்டது இவன் கணக்கு மட்டுந்தானே, அதுக்குள்ள மத்தவங்க எப்பிடி வருவாங்க.

எறங்கி நின்னோம். அப்ப ஒரு லாரிச் சத்தம் கேட்டுச்சு. பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, பனி மட்டும் பெய்யுது, ஆனா சத்தம் வந்து எங்க பக்கத்துல நின்னு என்ஜின் அணைஞ்சுச்சு. பொறவு ஒரு பொண்ணு கொரலு, இங்க நிக்கறவ பேசற மாதிரியே.

"நான் வந்துட்டனுங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

நவநீதன் அந்தச் சத்தத்துக்கு முன்னால போய் நின்னு, நான் இங்கதான் இருக்கறேன், என்ற பேரு நவநீதன், நாமக்கல்லு, பட்டறை வீதின்னு கத்துனான். எங்களுக்கு அவளைக் கேட்டுச்சு, அவளுக்கு எங்களைக் கேக்கல. பாவாயக்கா, அம்மிணி அவன் இங்கதான் சாமி இருக்கறான்னு காத்தைப் பாத்துக் கெஞ்சுனாங்க. நானும் தொண்டை கிழியக் கத்துனேன். அவ ஹாரனை ரெண்டு தடவை அடிச்சுப் பாத்தா. பேரு சொல்றதுக்கு இத்தனை பயமாங்கன்னு ஒருக்காக் கேட்டா. சரிங்க, எங்க இருந்தாலும் நல்லா இருங்கன்னா. என்ஜின் ஸ்டார்ட் ஆகி, சத்தம் தூரமாப் போய், இல்லாமப் போச்சு. கட்டுச்சோத்தை அப்படியே கொண்டாந்து செத்தவங்களுக்குப் போட்டோம்.

அவன் பட்டறைக்குப் போனான், வந்தான், தின்னான், படுத்தான். ஆளு வெளியில, உசுரு எங்கியோ. வீதிக்கே பொறுக்கல. இத்தனை வசதியும் அவன் எழந்ததுல இருந்துதானே நமக்கு வந்துச்சு, அவனுக்கு நாம என்ன பண்ணுனோம்னு வையாபுரி அண்ணன் கேட்டாரு. ஒருத்தன் கத்துனாத்தானே கேக்கல, வீதியே கத்துனா கேக்காமயா போவும்னு நான் சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை முட்டை லாரியில பெஞ்சு போட்டு அத்தனை பேரும் துறைமுகத்துக்குப் போனோம், பந்துக்காரங்க, செத்தவங்க, மேல டிராகன். நவநீதன், நாமக்கல்லு, ஓடிப்போகலைன்னு ஒட்டுக்காக் கத்துனோம். செத்தவங்களும் அவங்களால ஆனதை ஊளையிட்டாங்க. ஆனா அவ அன்னைக்கு வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல. நாங்க விடல, ஞாயித்துக்கிழமைன்னா புளிச்சோறு, பனி, கத்தல்னு ஆகிப்போச்சு. தீவாளிக்குப் பட்டாசைக்கூட அங்கதான் கொண்டு போய் வெடிச்சோம், அந்தச் சத்தமாவது கேக்கட்டும்னு. கேக்கல.

கார்த்திகை பொறந்து ஒரு ஞாயித்துக்கிழமை. பாலத்துக்கிட்ட வந்தப்ப முன்னால போன எங்க லாரியை நவநீதன் சடக்குனு நிறுத்துனான். காத்துல ஹாரன் சத்தம். ஒண்ணு ரெண்டு இல்ல, கும்பல் கும்பலா, எரிச்சலா, நகராத வண்டிக அடிக்கற ஹாரன். அதுக்கு நடுவுல ஒழிகன்னு ஒரு கோசம். மேல படிச்சவங்களுக்கு வேண்ணா வெளங்காம இருக்கலாம், எங்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு. சாலை மறியலு. கொடத்தைத் தூக்கிட்டு நடுரோட்டுல உக்காராத பொம்பளை எங்க வீதியில ஒருத்தியும் கெடையாது, அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியாதா.

கூர்ந்து கேட்டோம். கம்பெனி ஆளாட்டம் இருக்குது, எவனோ ஒருத்தன் இங்கிலீசுல வழி விடச் சொல்றான், மெரட்டறான், மூணாவது தடவையா எச்சரிக்கறான். அவனுக்குப் பதிலு தமிழ்ல வருது. அந்தக் கொரலு. பனி பெய்யிற பாலத்துல, கண்ணுக்குத் தெரியாத லாரிக் கூட்டத்துக்கு நடுவுல இருந்து அவ சொன்னது எங்க அத்தனை பேருக்கும் கேட்டுச்சுங்க.

"பூசை போட்டதுக்கு ஒரு மனுசனைத் தொரத்தியிருக்கீங்க. அவரைத் திரும்ப விடற வரைக்கும் இந்த வண்டி நகராது. முடியாதுன்னா என்னையும் தொரத்திக்கங்க."

நவநீதன் பாலத்து நடுவுல போய் நின்னுட்டான். வேண்டாம்னு சொல்லுங்க அக்கா, அவங்களும் நெறைய வாங்கி வச்சிருக்காங்க, எல்லாம் போயிரும்னு என்கிட்ட அழுதான். நான் எங்க போய்ச் சொல்ல. பாத்துட்டு இருக்கறப்பவே பொத்துன்னு ஒரு பச்சை லாரி, ஒண்ணும் இல்லாத எடத்துல இருந்து எங்க முன்னால வந்து விழுந்துச்சு. ஒரு பையன் எறங்கி, இது எந்த ஊருண்ணான்னு கேட்டான், பாளையங்கோட்டைக்காரன். மறியல்ல கூட உக்காந்தவனாம், எந்திரிக்க மாட்டேன்னதும் கணக்கை மூடி ஆளையும் வண்டியோட சேத்து வெளிய தள்ளிட்டாங்களாம். அவன் பேசி முடிக்கறதுக்குள்ள அடுத்த லாரி, அதுல யாழ்ப்பாணத்துப் பெரியவரு ஒருத்தரு, கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு. பொறவு ஈப்போவுல இருந்து ஒரு மலேசியாக்காரம்மா. உக்கடத்துப் பையங்க ரெண்டு பேரு. பொத்து, பொத்து, பொத்துன்னு தமிழ் பேசற லாரியெல்லாம் பாலத்து மேல கொட்டுச்சு. ஒவ்வொருத்தரும் எறங்கறப்ப கரிச்சானான்னு கேப்போம், இல்லைம்பாங்க. மறியல் பண்ணிக் கைதானவங்களைக் கல்யாண மண்டபத்துல உக்கார வச்சு சோறு போட்டுத்தானே சாயந்தரம் விடுவாங்க. எங்ககிட்ட மண்டபம் இல்லாட்டியும் புளிச்சோறு இருந்துச்சு, பாவாயக்கா தட்டுத் தட்டாப் போட்டாங்க. டிராகன் கொஞ்சம் மூச்சு விட்டு அத்தனை பேருக்கும் குளிரைப் போக்குச்சு. எல்லாரும் வாங்குனதையெல்லாம் எழந்துட்டு, தின்னுட்டு, சிரிச்சுட்டு இருந்தாங்க. எனக்கு அதைப் பாத்து நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க.

கடைசியில செவப்பு லாரி வந்துச்சு.

மெதுவா, தரை தேடற மாதிரி எறங்கி நின்னுச்சு. கதவைத் தொறந்து ஒரு பொண்ணு எறங்குனா. டோல்கேட்டுல சீட்டுக் குடுக்கறவங்க போடற நீலச் சட்டை, தலையில கொஞ்சம் பனி. ஒரு முப்பது வயசு இருக்கும். எங்க எல்லாத்தையும் பாத்துட்டு, யாருங்க அவருன்னு கேட்டா. பேரும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது, கொரலு மட்டுந்தானே தெரியும். இவனைத் தேடுனா ஆளைக் காணோம். மத்தவங்களுக்கெல்லாம் கொண்டாட்டம் ஆகிப்போச்சு. வையாபுரி அண்ணன் முன்னால போய் நான் இல்லீங்கன்னாரு, அந்தக் கொரலைக் கேட்டுட்டு அவ இல்லைன்னு தலையாட்டுனா. குடோன்காரரு நான் இல்லீங்கன்னாரு. கோல் காக்கறவன் அவன் பாஷையில என்னமோ சொன்னான். செத்தவன் ஒருத்தன் ஊளையிட்டான், அதுக்கு அவ சிரிச்சுட்டா. சிரிச்சுட்டே இருந்தவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாலத்துல லாரிக கவுந்ததை எவனோ புடிச்சுப் போட்ட வீடியோவுல சந்தனம் வச்ச நீல லாரியைப் பாத்த பொறவுதான் விசயமே தெரிஞ்சுதாம், அது வரைக்கும் அவரைத் தப்பா நெனைச்சுட்டேன்னு பாவாயக்காகிட்டச் சொன்னா. நடுவுல அவ போன் அடிச்சுச்சு, அவங்கம்மா. வாசல்ல ஏழு குதிரையும் ஒரு அரண்மனையும் வந்து நிக்குது, தண்ணி வண்டி வர்ற நேரம், என்னடி பண்ணித் தொலைச்சேன்னு கேட்டது எங்களுக்கே கேட்டுச்சு. குதிரைக்குத் தண்ணி காட்டும்மா, வந்துடறேன்னு போனை வச்சா.

அப்ப அந்தச் செவப்பு லாரிக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம். பயந்து பின்னால போய் ஒளிஞ்ச பையன், அங்க நின்ன எடத்துல கண்ணுல பட்டதைச் சொல்லிப்போட்டான்.

"ஏனுங்க, உங்க வண்டியில வலது பக்கம் பிரேக் லைட் எரியலீங்க."

அவ திரும்புனா. ஓடல, கொள்ளல, ஒவ்வொரு அடியா நடந்து லாரியைச் சுத்திக்கிட்டுப் போனா. நாங்களும் சுத்திக்கிட்டுப் போனோம், பின்ன விடுவமா. அவன் கையில வயரு, தலையில பனி, இஸ்திரி போட்ட சட்டை கசங்கிப் போய் நின்னுட்டு இருந்தான். அவ அவனுக்கு முன்னால நின்னு, கோகிலவாணி, சங்ககிரின்னா. சங்ககிரி! திருச்செங்கோடு வழியாப் போற பஸ்ஸுல ஏறுனா ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கறதுக்குள்ள வந்துரும். அதுக்கு ரெண்டு பேரும் ஒரு வருசமா உலகத்தையே சுத்தியிருக்குதுக. என்ற வாய் சும்மா இருக்குமா, எதையோ சொல்லப் போனேன், பாவாயக்கா என்ற கையைப் பிடிச்சு அமுத்துனாங்க.

உங்க பேருங்கன்னு அவ கேட்டா. எங்க வீதியே வாரா வாரம் அத்தனை தொண்டையையும் கிழிச்சுக்கிட்டுக் கத்துன பேரு அது. அன்னைக்கு அவன் வாயில இருந்து காத்தாட்டம், பக்கத்துல நின்ன எனக்கே சரியா வெளங்காத அளவுக்குத்தான் வந்துச்சு. ஆனா அவளுக்குக் கேட்டுச்சுங்க.